குழாய் முதலில், சாலை பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறு நகராட்சிகளின் நிதிப் பற்றாக்குறை பற்றிய தலையங்கம் படித்தேன். பணம் போதவில்லை என்பது சரிதான். ஆனால் வருகிற பணத்தில் எந்த வேலையை முதலில் எடுப்பது, எதைத் தள்ளிவைப்பது என்ற கணக்கே எங்கள் ஊரில் இல்லையே!

எங்கள் தெருவில் புதுத் தார்ச்சாலை போட்டார்கள். தார் வாசனை போவதற்குள் குடிநீர்க் குழாய் பதிக்க நடுவில் வெட்டினார்கள். மூடும்போது மண்ணைச் சரியாக இறுக்காமல் மேலே சிமெண்டைப் பூசிவிட்டுப் போனார்கள். முதல் மழையிலேயே பள்ளம் உள்வாங்கி, பால்காரர் வண்டியோடு விழுந்தார். கேட்டால், சாலைக்கு ஒரு திட்ட நிதி, குழாய்க்கு இன்னொன்று, டெண்டரும் தனித்தனி என்கிறார்கள். இரண்டு மதிப்பீடும் ஒரே அலுவலகத்தில்தானே தயாரானது?

நிதி வரும் விதமும் இதற்கு ஒரு காரணம். மத்திய நிதியைப் பங்கிட அமைக்கப்பட்ட 15ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்குச் சிறு நகரங்களுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டும் என்று வைத்தார்கள். 2021 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் நகர்ப்புறக் குடிநீர், கழிவுநீர்த் திட்டமான அம்ருத் 2.0, குடிநீரை எல்லா நகர உள்ளாட்சிகளுக்கும் விரித்தது. பாதாளச் சாக்கடையை மட்டும் முதல் அம்ருத் திட்டத்தில் இருந்த 500 நகரங்களோடு நிறுத்திக்கொண்டது. வீட்டுக்கு வரும் தண்ணீர் கூடினால் வெளியே போகும் கழிவுநீரும் கூடத்தானே செய்யும்? எங்களைப் போன்ற ஊர்களில் அது திறந்த வாய்க்காலுக்குத்தான் போகிறது. மேலிருந்து வரும் திட்டம் இதையெல்லாம் யோசிக்காது, ஊர்தான் யோசிக்க வேண்டும்.

நகர்மன்றத்திலோ வார்டுக்கு ஒரு வேலை என்று பங்கு பிரிக்கிறார்கள். ஆளும் கட்சி, எதிர்க்கட்சி எல்லோரும் இதில் மட்டும் ஒற்றுமை! ஒரு வார்டில் வழியும் சிறுபாலம் மூன்று வார்டுகளை மூழ்கடித்தாலும் அதற்கு முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். பேவர் பிளாக்கும் ஹைமாஸ் விளக்கும் அதற்குள் வந்துவிடும். அந்த விளக்கின் மின்கட்டணத்தை யார் கட்டுவது என்று தீர்மானத்தில் ஒரு வரிகூட இருக்காது.

குழாய், தொட்டி, வடிகால், பாலம் ஒவ்வொன்றும் எப்போது கட்டியது, இப்போது எப்படி இருக்கிறது, பராமரிக்க வருஷம் எவ்வளவு ஆகும் என்று முதலில் ஒரு பதிவேடு வேண்டும். அதை வைத்து ஐந்தாண்டுக்கான வேலைகளை வரிசைப்படுத்தட்டும். வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக்கான விதிகள் 2022இலேயே வந்துவிட்டன. பட்ஜெட்டுக்கு முன்பு அந்தப் பட்டியலைச் சபையில் வாசித்து, அறிவிப்புப் பலகையிலும் ஒட்ட வேண்டும். பிறகு ஏதாவது ஒரு வேலை முன்னுக்கு வந்தால், யார் கேட்டு வந்தது, எதைத் தள்ளிவிட்டு வந்தது என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
நகராட்சிக்கு வரி கட்டும் ஒரு வாசகர்