கூந்தன்குளம் நிறைஞ்சா மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சீசன் வந்தா எல்லா பேப்பர்லயும் எங்க நாங்குநேரி பக்கத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்து போட்டோ ஒண்ணு வந்துருது, பூநாரை நிக்கும், கூழைக்கடா நீந்தும், கீழ 'வெளிநாட்டுப் பறவைகள் குவிந்தன'ன்னு ஒரு வரி. சந்தோஷம்தான். ஆனா அதுக எங்க போய் இரை எடுக்குன்னு யாரும் எழுத மாட்டேங்காங்க.

1994ல சரணாலயமா அறிவிச்சாங்க, உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சர் லிஸ்ட்லயும் சேத்தாச்சுன்னு 2022ல அறிவிச்சாங்க. மொத்தமே எவ்வளவு இடம்னு பாருங்க, பக்கத்துக் காடன்குளத்தையும் சேத்தே சுமார் 129 ஹெக்டேர்தான், ராம்சர் கணக்குல வெறும் 72. அவ்வளவு நாரைக்கும் அதுக குஞ்சுகளுக்கும் இந்த ஒரு குளத்து மீன் எப்படிக் காணும்? மஞ்ச மூக்கு நாரை அலகைப் பாதி தொறந்து தண்ணிக்குள்ள விட்டு தொழாவிக்கிட்டே நடக்கும், மீன் பட்டா டக்குனு மூடிரும், அதுக்கு ஆழமில்லாத தண்ணிதான் தோது. அப்படித் தண்ணி கெடக்க சுத்துவட்டாரக் குளம், வயல்னு தேடித்தான் அது பறக்குது. கூடு மட்டும்தான் இங்க.

ஊர்க்காரங்களைக் குறை சொல்ல முடியாது. வீட்டு முத்தத்து வேம்புலயே கூடு கட்டுது, ஓட்டு மேல எச்சம், காயப்போட்ட சேலைல எச்சம், மரத்தடில குஞ்சு கக்கிப் போட்ட மீன் நாத்தம் குடலைப் புரட்டும். ஒருத்தரும் விரட்ட மாட்டாங்க, பிரசவத்துக்கு வந்த மக மாதிரிதான் பாக்காங்க, தீபாவளிக்கு வெடியே கிடையாது. எச்சம் கலந்த தண்ணி வயலுக்கு உரமாகுதுங்கது வேற விஷயம். (வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வருதுன்னுதான் எல்லாரும் அதிசயப்படுதாங்க, ஆனா அது இங்க முட்டையிடுறதில்ல, கொஞ்ச நாள் மேஞ்சிட்டுப் போயிரும். நம்மள நம்பி குஞ்சு பொரிக்கது நாரை, கூழைக்கடா மாதிரிப் பறவைகதான்.)

இப்ப விஷயத்துக்கு வாரேன். எங்க பக்கத்துக் குளத்துல மீன்பாசி குத்தகை (மீன் புடிக்க உரிமை) எடுத்தவங்க, மீன் புடிக்கத் தோதா இருக்கணும்னு மடையைத் தொறந்து தண்ணியை வடிச்சிட்டாங்க, கேட்டா குத்தகை எங்களுதுன்னு பதில். அது குஞ்சுகளுக்கு இரை அதிகம் வேண்டிய நேரம். சரணாலய எல்லைக்கு வெளிய இருக்கதால வனத்துறையும் நமக்கென்னன்னு இருந்துட்டாங்க. சுத்துக் குளம் வத்துனா தாய்ப்பறவை இரைக்கு ரொம்ப தூரம் அலையணும், குஞ்சு வெயில்ல கெடந்து காயும், பசில ஒண்ணையொண்ணு நெருக்கி கூட்டை விட்டு கீழ விழுறதும் உண்டு.

அதனால மணிமுத்தாறுல தண்ணி தொறக்கும்போது கூந்தன்குளத்தை மட்டும் நிரப்பிட்டு கணக்கை முடிக்காம, பக்கத்துக் கடைமடைக் குளங்களுக்கும் மார்கழிக்குள்ள தண்ணி வந்து சேரணும். மீன்பாசி ஏலத்துல ஜூன் வரைக்கும் பறவை இரை எடுக்கத் தோதா ஆழமில்லாத தண்ணி நிறுத்தணும், மடையைத் தொறக்கக் கூடாதுன்னு ஒரு நிபந்தனை போடணும், மீறுனா குத்தகை ரத்துன்னும் சேத்து எழுதணும். மாவட்ட நிர்வாகம் அடுத்த ஏலத்துக்கு முன்னாலயே இதைச் செய்யணும்.

இப்படிக்கு,
நாங்குநேரி பக்கத்து வாசகர் ஒருவர்