பாட்டுக்குப் பாட்டு ஒலி மாறுவது மைக்கின் குற்றமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

உள்ளூர்க் குழுக்களின் பக்திப் பாடல்களைக் கேட்டால் ஒவ்வொரு பாட்டும் ஒவ்வொரு ஊரில் பதிந்த மாதிரி இருக்கிறது, எல்லாம் மட்டமான மைக்கால் வந்த வினை என்று போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். முதல் பாதி உண்மைதான். இங்கே மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ போய்ச் சேர்வதற்குள் காரில் பாஸையும் வால்யூமையும் திருகித் திருகிக் கை வலிக்கிறது. ஆனால் மைக்கைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு பாட்டின் ஈக்குவலைசர் (சுருக்கமாக ஈக்யூ, அடி, நடு, உச்சி ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் கருவி) செட்டிங்கை அப்படியே காப்பி எடுத்து மற்ற பாட்டுகளில் ஒட்டுகிறார்களே, கோளாறு அங்கேதான்.

தம்பிமார்கள் முதல் பாட்டை ராத்திரி முழுக்க உட்கார்ந்து சரிசெய்கிறார்கள், நன்றாகவே வருகிறது. அப்புறம் அதே ஈக்யூவை மீதி டிராக்குகளுக்கும் இழுத்துப் போட்டுவிடுகிறார்கள், ரீப்பரோ கியூபேஸோ, எந்த ஒலிப்பதிவு மென்பொருளிலும் இது நொடி வேலை. பாடுகிறவரும் சுருதியும் மாறிவிட்டதை யாரும் யோசிப்பதில்லை. ஒரு கட்டை சுருதியில் பாடும் அண்ணனின் ஆதார ஸா சுமார் 131 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 131 அதிர்வு, அவர் குரலுக்குக் கனம் கொடுக்க அந்த இடத்தைக் கொஞ்சம் தூக்கியிருப்பார்கள். ஐந்து கட்டையில் பாடும் அக்காவுக்கு ஸா இருப்பதே 196இல். அவர் டிராக்கில் 131ஐத் தூக்கினால் அங்கே குரல் அநேகமாக இருக்காது, ஸ்டாண்டு ஃபேன் இரைச்சலும் பக்கத்து மேளத்தின் கசிவும்தான் மேலே வரும். கட்டை, சுருதி என்று தினமும் பேசுகிற நம் ஆட்களுக்கே இது தோன்றவில்லையே!

இன்னும் சிலர் லாஜிக் என்ற மென்பொருளில் இருக்கும் மேட்ச் ஈக்யூவை நம்புகிறார்கள், ஓசோன் என்ற மென்பொருளிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. ஒரு பாட்டில் எந்த அதிர்வெண் சராசரியாக எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, அடுத்த பாட்டையும் அந்த அளவுக்கு இழுப்பதுதான் அதன் வேலை. வயலினும் கீபோர்டுமாக உள்ள பாட்டை மாதிரியாகக் கொடுத்து உறுமி மேளப் பாட்டை இழுக்கச் சொன்னால், அது முதலில் கை வைப்பது உறுமியின் அடிச் சத்தத்தில். அது உறுமி என்று அதற்குத் தெரியுமா என்ன? ஆனால் அதே பாடகர் வேறொரு நாள் வேறு மைக்கில் திரும்பப் பாடிய இரண்டு வரியைப் பழைய பதிவோடு சேர்க்க வேண்டுமென்றால், குரலுக்குக் குரலை மாதிரியாகக் கொடுத்து, மேட்ச் ஈக்யூவின் வேகத்தைப் பாதி அளவில் வைத்துப் பாருங்கள், அருமையாக உதவும்.

எதைத் தொடுவதற்கும் முன்னால் எல்லாப் பாட்டுகளின் பல்லவியையும் ஒரே புராஜெக்டில் அடுத்தடுத்துப் போட்டு, குரல் ஒரே சத்தத்தில் கேட்கிற மாதிரி வால்யூமைச் சமப்படுத்த வேண்டும். சத்தம் கூடினாலே அடியும் உச்சியும் கூடின மாதிரிதான் காதுக்குப் படும், இதை ஃபிளெட்சர், மன்சன் என்ற ஒலி ஆய்வாளர்கள் 1933இலேயே அளந்து எழுதிவிட்டார்கள். வால்யூமைச் சமப்படுத்தாமல் பாஸ் அதிகம், பாஸ் குறைவு என்று திருகுவது வீண் வேலை. சமப்படுத்திய பிறகும் டப்பாவுக்குள் பாடுகிற மாதிரி கேட்டால் 200க்கும் 400 ஹெர்ட்ஸுக்கும் நடுவில் கொஞ்சம் குறைக்கலாம், ‘ஸ’ குத்தினால் 5000 முதல் 8000 வரை பார்க்கலாம். ஆனால் மண்டபத்தில் பதிந்த எதிரொலியை எந்த ஈக்யூவும் எடுக்காது.

கோயில் கமிட்டிக்காரர்களே, புது மைக்குக்கு வசூல் கிளப்பும் முன்பு, பாயும் ஜமுக்காளமும் அடுக்கி வைத்திருப்பதால் எதிரொலி அடங்கிக் கிடக்கிற அந்த ஸ்டோர் ரூம் சாவியை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளிடம் கொடுங்கள். எல்லாரும் ஒரே மைக்கில், ஒரே தூரத்தில் நின்று பாடட்டும். ஃபேனை மட்டும் நிறுத்திவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்.