பழைய படகுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் மேல்விஷாரத்துப் பிள்ளைகள் சிலர் பணம் திரட்டி, ஷார்ஜாவில் இருக்கும் சொந்தக்காரர் மூலம் பழைய உல்லாச மோட்டார் படகு ஒன்றை வாங்கி ஊருக்குக் கொண்டுவர முடிவு செய்திருக்கிறார்கள். வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்பதற்காம். 2021 நவம்பரில் பாலாறு அணைக்கட்டில் விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கு மேல் தண்ணீர் போனதைப் பார்த்த பிள்ளைகள், இப்படி நினைப்பது பெருமைதான். ஆனால் ஷார்ஜாவில் படகுப் பட்டறையில் பல வருஷம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இறக்குமதி உரிமம் கையில் வராமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

உல்லாசப் படகு போன்ற பழைய பொருளை நினைத்தவுடன் இறக்குமதி செய்துவிட முடியாது. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககத்தின் அனுமதி முதலில் வேண்டும். அது இல்லாமல் சென்னையில் இறங்கும் படகை சுங்கத்துறை பறிமுதல் செய்யலாம். அபராதம் கட்டி மீட்பதற்குள் துறைமுக வாடகை ஏறிக்கொண்டே போகும். விற்றவர் தரும் ரசீதில் உள்ள விலையை அப்படியே ஏற்கவும் மாட்டார்கள். பட்டயப் பொறியாளர் (சார்ட்டர்ட் இன்ஜினியர்) மதிப்பிட்டுச் சொல்லும் தொகையோடு கப்பல் கூலி, காப்பீடு எல்லாம் சேர்த்துத்தான் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் உல்லாசப் படகுக்கு ஜிஎஸ்டியே 40 சதவீதம். சுங்க வரியையும் கூட்டினால் படகு விலையில் முக்கால் பங்குக்கு மேல் வரியாகவே போய்விடும். கன்டெய்னர் வாசலின் அகலம் சுமார் 7 அடி 8 அங்குலம்தான். அதைவிட அகலமான படகென்றால் கப்பல் கூலி வேறு கணக்கு.

சரி, பணம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். படகு எப்படி இருக்கிறது என்று யார் பார்ப்பது? வளைகுடாவில் விற்பனைக்கு வரும் படகுகள் பளபளவென்று இருக்கும். மோட்டார் மாட்டும் பின்பலகையைச் சின்ன சுத்தியலால் தட்டிப் பாருங்கள். 'டக்' என்று கேட்டால் நல்லது. 'தொப்' என்று அமுங்கிக் கேட்டால் ஃபைபருக்கு உள்ளே இருக்கும் பிளைவுட் ஊறி அழுகிவிட்டது என்று அர்த்தம். மோட்டாரின் கியர் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பார்க்க வேண்டும். பால் மாதிரி வெளுத்திருந்தால் சீல் போய்த் தண்ணீர் இறங்கியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் போட்டோவில் இதெல்லாம் தெரியாது.

எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. அங்கே கிடைப்பவை பெரும்பாலும் கடல் அலையை அறுத்துக்கொண்டு போவதற்காக அடிப்பாகம் கூராகச் செய்யப்பட்டவை. நம் ஆற்று வெள்ளம் பல இடங்களில் இடுப்பளவுதான். அடியில் கல்லும் சீமைக்கருவேல மரமும் கிடக்கும். படகைத் தள்ளும் விசிறியான புரொப்பெல்லர் அதில் சிக்கிக்கொண்டால் மீட்கப் போனவர்களையே மீட்க வேண்டிவரும். அரக்கோணத்தில் இருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-வது பட்டாலியன் காற்றடைத்த ரப்பர் படகுகளைத்தான் வெள்ளத்தில் இறக்குகிறது. நாலு பேர் தூக்கிக்கொண்டு தெருவுக்குள் போய்விடலாம்.

அந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். திரட்டிய பணத்தில் இங்கேயே ஒரு புதிய ரப்பர் படகும், போதுமான லைஃப் ஜாக்கெட்டும், நல்ல கயிறும் வாங்குங்கள். அரக்கோணம் வீரர்களிடம் பயிற்சி கேட்டு மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுங்கள். மழைக்காலத்துக்கு முன்னால் மோட்டாரைப் பிரித்துச் சரிபார்க்கும் வேலையை நானே செய்து தருகிறேன், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மேல்விஷாரம்