பெயர் வேண்டாம் என்றவருக்கு நன்றி

எங்கள் ஊராட்சி மன்றத்தின் கடந்த ஓராண்டுப் பணிகளில் எந்தப் பதவியும் இல்லாமல் உடனிருந்து உழைத்த ஒருவருக்கு, அவர் விருப்பப்படியே பெயரைக் குறிப்பிடாமல், இந்த நன்றியைப் பதிவு செய்கிறேன். மேல்நிலைத் தொட்டியில் கலக்கும் குளோரின், தெருக்கோடியில் உள்ள கடைசிக் குழாயின் நீரிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும் என்று எங்களுக்கு விளக்கியவர் அவரே. தொட்டியடியில் மட்டும் சோதித்துவிட்டு நிறைவடைந்திருந்த எங்களுக்கு அது சற்றுச் சங்கடமாகவே இருந்தது. அதன்பின் வாரந்தோறும், மழை நாளிலும், சோதனைப் பெட்டியுடன் கடைசி வீடுவரை நடந்து சென்று அளவைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். மரக்கன்று நட்ட நாளில் படமெடுத்துக்கொள்ளப் பலர் வந்தோம். கோடையில் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்ற அவர்தான் இருந்தார். ஐயா, உங்கள் குறிப்பேட்டை மன்ற அலுவலகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறோம்.