ஸ்கோர் பாத்தேன்டி

அடியே கண்ணு,

கொயருக்காக நாலு குரலுக்குப் பிரிச்சு எழுதி நீ அனுப்புன பாட்டு ஸ்கோரை, அதான் அந்த சுரக் குறிப்பை, பிரிண்ட் எடுத்து கையில பென்சிலோட ரெண்டு நாளா நாலு பார்ட்டும் மாத்தி மாத்தி பாடிப் பாத்துட்டேன், தொண்டை கட்டிப்போச்சு. ஆரம்பம் ஜோரு. நடுவுலதான் எனக்கு உங்கூட சண்டை.

'பார்பரா ஆலன்'ங்குற பழைய நாட்டுப்பாட்டை நீ எடுத்ததுல ரொம்ப சந்தோஷம். 1666 ஜனவரியிலயே இங்கிலாந்துல டைரி எழுதியே பேர் வாங்குன சாமுவேல் பெப்பிஸ் ஒரு நடிகை பாட இதைக் கேட்டேன்னு டைரில எழுதி வச்சிருக்காரு, அத்தனை வருஷமா வாய் மாறி வாய் மாறி வந்த பாட்டு. ஆனா கதையைப் பாரு, எவ்ளோ வறட்டுத்தனமா போகுது! பார்பராவைக் காதலிக்கிறவன் சாகக் கெடக்கான், ஆள் விட்டு அவளைக் கூப்பிடுறான், இவ மெதுவா எந்திரிச்சு மெதுவா போயி மூஞ்சைப் பாத்துட்டு 'நீ பொழைக்க மாட்ட போலயே'ங்குறா, அவ்ளோதான், சொல்றவ குரல்ல ஒரு சொட்டு அழுகை கெடையாது. நீ சரியா அந்த எடத்துல நாலு குரலையும் சேத்து செவன்த் கார்டா, நாலு வேற வேற சுரம் ஒண்ணா ஒலிக்கிற மாதிரி அடுக்கி ஒரே கொழகொழன்னு ஆக்கி வச்சிருக்க. எடுத்துரு. அங்க எல்லாரும் ஒரே மெட்டை மட்டும் பாடட்டும், யூனிசன்ல, அது போதும் குலை நடுங்க.

அப்புறம் பாட்டுல வர்ற சாவு மணி. 'டிங் டாங்'னு பாட வைக்காத, நாடகம் மாதிரி இருக்கு. பாட்டு ஜி சுருதில தானே இருக்கு, ஆல்டோ டூவை, அதான் இருக்குறதுலயே கீழ பாடுற பொண்ணுங்களை, கீழ் ஜி-லயும் டி-லயும் வாய மூடி இழுக்கச் சொல்லு, பக்கத்துல பக்கத்துல நிக்கிறவங்க ஒரே நேரத்துல மூச்சு எடுக்கக் கூடாது. நடுவுல வேற சுரம் சொருகாத, ஆம்பளைங்களோட கனமான பேஸ் குரல் இல்லாத கொயர்ல அவ்ளோ கீழ நெருக்கி வச்சா சேறு மாதிரி கலங்கிரும்.

நீ சேத்து வச்ச அழகெல்லாம் கடைசி சரணத்துக்கு வேணும்டி. செத்துப்போன அவங்க ரெண்டு பேர் கல்லறைலருந்தும் ரோஜாவும் முள்ளுச்செடியும் வளந்து பின்னிக்குதே, அங்க மேல் குரல் சொப்ரானோ எடுக்கட்டும், ஒரு பார், அதான் ஒரு தாளக்கட்டு தள்ளி ஆல்டோ அதே மெட்டைப் பிடிச்சு பின்னாடியே போகட்டும். உன் மெட்டு நம்ம மோகனம் மாதிரி அஞ்சே சுரம், அரை சுர இடிப்பு வராது, தானா பின்னிக்கும்.

இன்னொண்ணு. ஆல்டோவுக்கு மூணு பக்கம் முழுக்க 'ஊ'வா? வருஷக்கணக்கா பின் வரிசைல நின்னு 'ஊ' பாடுனவ வயித்தெரிச்சல்டி இது, சிரிக்காத. ரெண்டாவது சரணத்துலயாவது மெட்டை எங்ககிட்ட குடு.

மாத்தி எழுதுனதும் அந்த கடைசி சரணத்தோட ஆல்டோவை மட்டும் நீயே பாடி வாய்ஸ் நோட்ல அனுப்பு, நான் மேல சொப்ரானோ பாடிப் பாக்குறேன், எட்டுனா எட்டட்டும்.

அம்மா