கலாவுக்கு, உன் ரிப்போர்ட்டைப் பற்றி

அன்புள்ள கலா,

நீ அனுப்பிய இரண்டு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் நிதானமாகப் பார்த்தேன். பதறும்படி அதில் ஒன்றும் இல்லை. ஆனால் "வயசானால் அசதி இருக்கத்தான் செய்யும்" என்று உன் வீட்டில் சொல்கிறார்களே, அதை மட்டும் ஒத்துக்கொள்ளாதே. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதற்கும் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுவதற்கும் அந்தத் தாள்களிலேயே காரணம் இருக்கிறது.

ஹீமோகுளோபின் 11.2. பெண்களுக்கு 12-க்குக் கீழே வந்தாலே ரத்தசோகைதான். லேபில் இருந்த காலமெல்லாம் பார்த்திருக்கிறேன், பலரும் இந்த ஒரு எண்ணைப் பார்த்து "கொஞ்சம்தானே குறைவு" என்று தாளை மடித்துவிடுவார்கள். நீ ஃபெரிட்டின் என்ற வரியைப் பார். 9 என்று இருக்கிறது. உடம்பு சேர்த்து வைத்திருக்கும் இரும்புச்சத்தைக் காட்டும் எண் அது. குதிரில் நெல் தீர்ந்த பிறகுதானே உலையில் அரிசி குறையும்? அப்படித்தான் ஃபெரிட்டின் முதலில் இறங்கும், ஹீமோகுளோபின் பிறகு. 15-க்குக் கீழே என்றால் இருப்பு தீர்ந்தது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. பல டாக்டர்கள் 30-க்குக் கீழேயே இரும்பு மாத்திரை தொடங்கிவிடுகிறார்கள்.

சீரம் அயர்ன், அதாவது ரத்தத்தில் ஓடும் இரும்பு, நார்மல் என்று போட்டிருக்கிறதே என்று கேட்டிருந்தாய். அதை நம்பி உட்காராதே. காலையில் ஒரு அளவு இருக்கும், சாயங்காலம் வேறு இருக்கும். முந்தின நாள் மாத்திரை போட்டிருந்தாலே ஏறிக் காட்டும். ஃபெரிட்டினும் காய்ச்சலோ வேறு அழற்சியோ இருந்தால் கூடுதலாகக் காட்டும். ஆனால் இல்லாத குறைவைக் காட்டாது, அதனால் உன் 9 உண்மைதான்.

சிவப்பணுக்களின் சராசரி அளவைச் சொல்லும் எம்.சி.வி. 74, அதாவது சிவப்பணுக்கள் சிறுத்திருக்கின்றன. இரும்பு குறைந்தால் அப்படி ஆகும். பரம்பரையாக வரும் தலசீமியா மைனர் என்ற லேசான ஹீமோகுளோபின் குறைபாடு இருந்தாலும் ஆகும். உன் அக்கா மகளுக்கு அது இருப்பதாகச் சொன்ன ஞாபகம். ஃபெரிட்டின் சரியான பிறகும் எம்.சி.வி. 80-ஐத் தொடாவிட்டால் தலசீமியாவைக் காட்டும் ஹெச்.பி. ஏ2 டெஸ்ட் பார்க்கச் சொல். இப்போதே பார்த்தால் இரும்புக் குறைவு அதை இறக்கிக் காட்டக்கூடும்.

அப்புறம் தைராய்டு. டி.எஸ்.ஹெச். 7.8, தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 நார்மல். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.ஹெச்.சைக் கூடுதலாக அனுப்பித் தைராய்டை விரட்டி வேலை வாங்குகிறது, தைராய்டும் இன்னும் சமாளிக்கிறது என்று அர்த்தம். டி.எஸ்.ஹெச். 10-க்கு மேல் போனால்தான் பெரும்பாலும் மாத்திரை கொடுப்பார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து, உடம்பே தைராய்டைத் தாக்குகிறதா என்று காட்டும் ஆன்டி டி.பி.ஓ. டெஸ்டையும் சேர்த்து மறுபடி பார். தானாகவே இறங்கிவிடுபவர்களும் உண்டு. முடிக்காக நீ போடும் மாத்திரையில் பயோட்டின் என்ற வைட்டமின் இருக்கிறதா என்று அட்டையைப் பார். இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டு, ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடு. சில மெஷின்களில் அது டி.எஸ்.ஹெச்.சைக் குறைத்துக் காட்டும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. இந்த இரண்டையும் தனித்தனி வியாதியாக நினைக்காதே. தைராய்டு மந்தமானால் மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகலாம், அதில் இரும்பு போகும். இரும்பு குறைந்தால் தைராய்டு ஹார்மோனைத் தயாரிக்கும் என்சைமும் தளரும். நீ மாதாமாதம் எட்டு நாள் கஷ்டப்படுவதைக் கூச்சப்படாமல் மகப்பேறு டாக்டரிடம் சொல். கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேனில் தெரிந்துவிடும். ரத்தம் போகும் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மாத்திரை மட்டும் போட்டால், அடுத்த வருஷமும் இதே எண்கள்தான் வரும்.

முருங்கைக்கீரை, பேரீச்சை எல்லாம் சாப்பிடு, ஆனால் 9-இலிருந்து அதை மட்டும் வைத்து ஏற முடியாது. டாக்டர் எழுதும் இரும்பு மாத்திரையை வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறோடு போடு. காபி ஒரு மணி நேரமாவது கழித்துத்தான்! மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதே. வயிறு கலங்கினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா என்று கேள். ஹீமோகுளோபின் ஏறியதும் நிறுத்திவிடாதே, குதிரும் நிரம்ப இன்னும் மூன்று மாதமாவது ஆகும். பின்னால் தைராய்டு மாத்திரை தொடங்கினால் இரண்டுக்கும் நடுவில் நான்கு மணி நேரம் விடு.

இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவன் பிளஸ் டூ, வீட்டில் டிவி சத்தமே இல்லை. அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லையா? ஸ்கேன் எடுத்ததும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு, ராத்திரியானாலும் பார்க்கிறேன்.

அன்புடன்,
வசந்தி