பழைய ஆதாரப் பத்திரங்களைக் கண்ணாடியில் வைத்து நகல் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குமரி மாவட்டத்தில் தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் ஜெராக்ஸ் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். கடைக்காரர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய வீட்டு ஆதாரங்களை, இயந்திரத்தின் மேலே தானாகத் தாள் இழுக்கும் தட்டில் அடுக்கி வைக்காதீர்கள்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு கடையில் 'தாள் சிக்கிவிட்டது' என்று கூப்பிட்டார்கள். மூடியைத் திறந்தால், 1956-க்கு முன்பு திருவிதாங்கூர் காலத்தில் மலையாளத்தில் எழுதிய ஆதாரம் ரோலரில் சுருண்டு கிடந்தது. பழைய மடிப்பு வழியாகவே கிழிந்து, முத்திரை இருந்த பகுதி தனியாகக் கையோடு வந்தது. வெளியே நின்ற அம்மா, "இத ஒட்டித் தர முடியுமா மக்களே?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

அந்தத் தட்டில் ஒரு ரப்பர் ரோலர் மேல் தாளை உள்ளே தள்ளும். அடுத்து இருக்கும் ஜோடியில் ஒன்று தாளை இழுக்கும். மற்றொன்று, கூடவே வரும் இரண்டாவது தாளைத் தடுத்து நிறுத்தும். ரப்பர் தாளைப் பிடிக்கும் பிடி, தாளும் தாளும் ஒட்டும் பிடியைவிட அதிகமாக இருந்தால்தான் ஒவ்வொன்றாகப் போகும். 75 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 75 கிராம்) புதுத் தாளுக்கு இது அருமையாக வேலை செய்யும். ஆனால் நம் மாவட்டத்தில் வைகாசி நடுவில் வரும் இடவப்பாதியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. பீரோவில் இருந்த தாள் ஈரம் குடித்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். இரண்டு தாள் சேர்ந்து போனால் நகலில் ஒரு பக்கம் விட்டுப்போகும். விலை கூடிய ஸ்கேனர்களில் இதை ஒலி அலை வைத்துக் கண்டுபிடிக்கும் சென்சார் உண்டு. சாதாரணக் கடை இயந்திரங்களில் பெரும்பாலும் கிடையாது. பக்கம் விட்டுப்போனது வங்கியிலோ அலுவலகத்திலோ திருப்பி அனுப்பும்போதுதான் தெரியும்.

பின் குத்திய தாள், செலோடேப் ஒட்டிய தாள் இன்னும் மோசம். கசியும் பசை ஒரு துளி உள்ளே இருக்கும் குறுகிய கண்ணாடியில் படிந்தால் போதும், அதன்பின் வரும் நகல் எல்லாவற்றிலும் மேலிருந்து கீழ்வரை கறுப்புக் கோடு விழும்.

சிக்கிய தாளைப் பதற்றத்தில் பின்பக்கமாகப் பிடித்து இழுப்பதால்தான் பாதி கிழிகிறது. மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் திருகு குமிழைச் சுழற்றி, தாள் போகும் திசையிலேயே இரு கைகளாலும் மெல்ல எடுக்க வேண்டும்.

மூடியைத் தூக்கி, கண்ணாடியில் ஒவ்வொரு தாளாக வைத்து எடுக்கக் கொஞ்சம் நேரம் கூடும், அவ்வளவுதான். கிழிந்தால் பதிவு அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேட்கலாம். ஆனால் கடன் கேட்கப் போனால் வங்கியில் அசலைத்தான் கேட்பார்கள். இ-சேவை மையங்களும் ஜெராக்ஸ் கடைகளும் 'பழைய பத்திரம் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள்' என்று ஒரு அட்டை எழுதித் தொங்கவிட வேண்டும். கடைக்கு வருபவர்களும் தயங்காமல், "கண்ணாடியில் வைத்து எடுங்கள்" என்று கேளுங்கள்.

ஒரு ஜெராக்ஸ் மெக்கானிக்,
தக்கலை.